கடைசி ஆள் வைத்த பாயிண்ட்

மழை பிடித்துக்கொண்டதிலிருந்து மாடி ரயில்வேயில் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட ஒழுங்காக நடக்கவில்லை. முதல் வண்டியைக் கிளப்பியதுமே ஏதாவது ஒன்று ஆகிவிடும். நேராகப் போக வேண்டிய பாசஞ்சர் சரக்குக் கிடங்குக்குள் புகுந்து மூக்கை உடைத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் எக்ஸ்பிரஸ் குகைக்குள் போய் அங்கேயே படுத்துக்கொள்ளும். எல்லாம் பொம்மை ரயில்; ஒரு சாண் நீளத்துக்குப் பெட்டி, தீக்குச்சியில் பாதி உயரத்துக்கு ஆட்கள். இதில் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடப் போவதில்லைதான். ஆனால் பல்செட்டுக்காரர் முகத்தைப் பார்த்தால் நிஜ ரயிலே கவிழ்ந்துவிட்டது என்றுதான் நினைக்கத் தோன்றும்.

பல்செட்டுக்காரர் என்றுதான் தெருவில் அவரைச் சொல்வார்கள். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்செடுத்துக் கொடுத்தனுப்பினால் அதைப் பார்த்துப் பல்செட் செய்து கொடுப்பது அவர் தொழில். தெருக்கோடியில் வாடகைக்கு ஒரு அறை. அதில் மாவு அச்சுகள், மெழுகுக் கட்டிகள், ஸ்பிரிட் விளக்கு, ராவுகிற மோட்டார், மூக்கில் ஏறி உட்கார்ந்துகொள்ளும் ஒரு நெடி. வாரம் முழுக்க அடுத்தவர் வாயைக் கையில் ஏந்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு பல் மயிரிழை தூக்கிக்கொண்டு நின்றாலும் போட்டுக்கொள்கிறவருக்கு ஈறு புண்ணாகிவிடும் என்பதால் அந்த மயிரிழையிலேயே பழகிய கண். ஞாயிற்றுக்கிழமை வந்தால் அந்தக் கண்ணைக் கழற்றி வைக்கத் தெரியாது அவருக்கு. அப்படியே மாடிக்கு எடுத்துக்கொண்டு போவார்.

மாடியில் ஒரே ஒரு பெரிய அறை. மேலே தகரக் கூரை. சுவரை ஒட்டிச் சுற்றிலும் இடுப்புயரத்துக்குப் பலகை அடித்து, அதன் மேல் மலை, குகை, பாலம், மூன்று ஸ்டேஷன், ஒரு சரக்குக் கிடங்கு என்று ஒரு நாட்டையே கட்டியிருந்தார். கல்யாணமான புதிதில் ஆரம்பித்தது. மகளுக்குக் காது குத்துகிற வயசு வந்து, பள்ளிக்கூடம் முடிந்து, காலேஜும் முடிந்து, அவள் வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் ஏதோ வேலை பார்க்கிற காலமும் வந்துவிட்டது. இன்னும் அவர் மலைக்குப் பச்சை பூசிக்கொண்டுதான் இருந்தார். ஸ்டேஷன் கூரைகள் மட்டும் ஈறு நிறம். பல்செட் செய்து மிஞ்சிய, ஈறு செய்கிற ரோஸ் பொடியைக் குழைத்து ஊற்றி ஓடு ஓடாகச் செய்தது. பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரித்தால் சிரிக்கட்டும், உலகத்தில் வேறு எவனிடமும் இப்படிக் கூரை இருக்காது என்பார்.

வண்டி ஓட்டுவது அவர். மற்றதெல்லாம் டைம்கீப்பர். பஸ் டிப்போவில் ஆயுசு முழுக்க டைம்கீப்பராக இருந்து ரிட்டயர் ஆனவர். எந்த வண்டி எப்போது கிளம்பும், எது எங்கே எதற்கு வழிவிடும் என்று எதையும் பார்க்காமல் சொல்வார். முன்னெல்லாம் ஞாயிறு ஞாயிறு அரை டஜன் பேர் வந்துகொண்டிருந்தார்கள். இருவர் செத்துப்போனார்கள், ஒருவர் ஊர் மாறிப் போனார், ஒருவருக்கு முழங்கால் மாடியேற விடவில்லை. மிஞ்சியது இவர்கள் இரண்டு பேர். டைம்கீப்பர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு வண்டிக்கும் தொண்டையைச் செருமிக்கொண்டு அறிவிப்பு சொல்வார். முடிவில் டிப்போ வழக்கப்படி, "சொன்னா சொன்ன நேரம்!" என்று ஒரு போடு போடுவார். வண்டி அந்த நொடியே கிளம்பியாக வேண்டும்.

அங்கே ஒரு சட்டம் உண்டு. பாயிண்ட் என்பது தண்டவாளம் இரண்டாகப் பிரிகிற இடம். சின்னக் கம்பியை ஒரு பக்கம் தட்டினால் வண்டி நேராகப் போகும், மறுபக்கம் தட்டினால் கிளைப்பாதையில் திரும்பும். ஓட்டமெல்லாம் முடிந்தபின், கடைசியாக மாடியிலிருந்து இறங்குகிறவர் எல்லாப் பாயிண்டுகளையும் நேர்ப்பாதைக்கு வைத்துவிட்டு இறங்க வேண்டும். அடுத்த ஞாயிறு வருகிறவர் அதைச் சரிபார்க்கக் கூடாது. கடைசி ஆள் வைத்ததை இன்னொருத்தன் குனிந்து பார்த்தால், அது அவன் முகத்தில் காறித் துப்பியதற்குச் சமம். ஆறு பேர் வந்துகொண்டிருந்த நாளில் ஏற்பட்ட சட்டம். இரண்டே பேர் ஆனபிறகும் அதை யாரும் மாற்றவில்லை. கடைசி ஆள் எப்போதுமே டைம்கீப்பர்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தகரத்தில் மழை கொட்டு கொட்டென்று கொட்டிக்கொண்டிருந்தது. "சொன்னா சொன்ன நேரம்!" என்று டைம்கீப்பர் முடித்தார். பாசஞ்சர் கிளம்பி வளைவு திரும்பி, நேராகப் போக வேண்டிய இடத்தில் கிளையில் திரும்பிக் கிடங்குச் சுவரில் மோதிக் குப்புற விழுந்தது.

"அண்ணே, மறுபடியும் கிடங்குப் பாயிண்ட்."

"நேராத்தானே தம்பி வெச்சேன்."

"நேரா வெச்சா வண்டி ஏன் உள்ள போகுது?"

"மழைக்குப் பலகை ஊதியிருக்குமோ என்னவோ."

"ஊதினா கம்பி இறுகும். தானா எழுந்து அந்தப் பக்கம் போய் உக்காராது. போன வாரம் குகை வாசல். அதுக்கு முந்தி பாலத்துப் பாயிண்ட். நானும் வாயைத் திறக்காமத்தான் இருந்தேன்."

டைம்கீப்பர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "போன வாரம் நான் வெச்சேனே. குகை, பாலம், கிடங்குன்னு ஒவ்வொண்ணா வெச்சுட்டுத்தான் லைட்டை அணைச்சேன்."

"அப்படின்னு நெனச்சுக்கிறீங்க."

பல்செட்டுக்காரர் கையில் கவிழ்ந்த இன்ஜின் இருந்தது. புகைபோக்கி முறிந்திருந்தது. அதைச் செய்ய அவருக்கு ஒரு மாசம் பிடித்திருந்தது. கோபத்தில் மனுஷன் பேசுகிற பேச்சுக்கு அளவு ஏது? "வயசாகுதுண்ணே. ஒத்துக்கங்க. இது பொம்மை ரயிலு, போனாப் போகுது. வீட்லயும் தனியா இருக்கீங்க. என்னத்தை மறந்து என்னத்தை இழுத்து வெக்கப் போறீங்களோ. மகன்கிட்டச் சொல்லி ஒரு நல்ல டாக்டராப் பாருங்க. அதுவரைக்கும் இங்க வந்து சிரமப்பட வேண்டாம்."

மகள் அப்போது டீத் தட்டோடு வாசலில் நின்றிருந்தாள். தட்டை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் இறங்கிப் போனாள். பெரியவர்கள் சண்டையில் நமக்கென்ன என்று போகிறாள், நல்ல பிள்ளை என்றுதான் அவர் நினைத்துக்கொண்டார்.

டைம்கீப்பர் கோபித்துக்கொண்டிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். "உன் ரயிலைக் கொண்டுபோய் குப்பையில கொட்டு" என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் அடுத்த ஞாயிறே இரண்டு பேரும் சமாதானமாகியிருப்பார்கள். அவர் சத்தம் போடவில்லை. டீயைக் குடித்தார். குடையை எடுத்துக்கொண்டார். படியில் பாதி இறங்கியவர் நின்று, "குடை என்னுதுதானே தம்பி?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அதன் பிறகு அவர் வரவில்லை. பல்செட்டுக்காரரும் போய்க் கூப்பிடவில்லை. தான் சொன்னது அவர் நல்லதுக்குத்தான் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். அந்தச் சமாதானம் பகலில் நின்றது, சாப்பிட உட்கார்ந்தால் நிற்கவில்லை. தட்டில் சோற்றை அளைந்துகொண்டே இருப்பார். அப்படி ஒரு நாள் அளைந்துகொண்டிருக்கும்போதுதான் மனைவி சொன்னாள்.

"டைம்கீப்பர் அண்ணனை அவர் மகன் டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனானாம். கடையில சொன்னாங்க."

"என்னவாம்?"

"இந்த வயசுக்கு இருக்கிறதுதான், பெரிசா ஒண்ணும் இல்லேன்னாராம் டாக்டர். ஆனா அவர் நம்பலையாம். மறைக்கிறாங்கன்னு சொல்றாராம். ஸ்கூட்டர் சாவியைத் தூக்கி மகன்கிட்டயே கொடுத்துட்டாராம். யாராவது பஸ் நேரம் கேட்டாக்கூட, 'எனக்கு ஞாபகம் சரியில்ல, வேற யார்கிட்டயாவது கேட்டுக்கங்க'ன்னு சொல்லிடறாராம்."

பல்செட்டுக்காரர் சோற்றை அளைவதை நிறுத்தினார். பஸ் நேரத்துக்கு இன்னொருத்தரைக் கேள் என்று அந்த மனுஷன் வாயால் சொன்னாரென்றால், உள்ளே எவ்வளவு நொறுங்கிப் போயிருக்க வேண்டும்! எதிரே மகள் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். பிய்த்ததை வாயில் போடாமல் மேலும் மேலும் பிய்த்தாள். அவள் தலை நிமிரவில்லை.

"நான் அப்பவே கண்டுபிடிச்சேன்ல" என்றார் அவர். சொல்லும்போதே குரல் உடைந்தது. மனைவி அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பை ஊற்றினாள்.

இது நடந்து சில நாள் கழித்து ஒரு முழு பல்செட்டைக் கொடுக்க தனக்கு வேலை தருகிற ஒரு பல் டாக்டரம்மாவின் கிளினிக்குக்குப் போனார். மழையில் நோயாளிகள் யாரும் வரவில்லை. சின்ன வயசு டாக்டர். கலகலப்பானவள். சிகிச்சை நாற்காலியில் தானே சாய்ந்து உட்கார்ந்து பன்னைக் கடித்துக்கொண்டு போனில் எதையோ பார்த்து விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க அங்கிள். செட்டை அங்க வெச்சுட்டு இங்க வாங்க. உங்களுக்குத்தான் இது ரொம்பப் பிடிக்கும்."

"என்ன டாக்டரம்மா?"

"ஒரு பொண்ணு போடற வீடியோ. பொம்மை ரயில். முகம் காட்ட மாட்டா, கை மட்டும்தான் தெரியும். மனசு சரியில்லேன்னா நான் இதைத்தான் பார்ப்பேன். ஒரு ஸ்டேஷன் வருது பாருங்க, கூரை அப்படியே நம்ம ஈறு கலர்!"

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார். கூரையைப் பார்த்தார். அடுத்த நொடி போனுக்குள்ளிருந்து ஒரு தொண்டைச் செருமல் கேட்டது. பிறகு அந்தக் குரல். எக்ஸ்பிரஸ் இன்னும் சற்று நேரத்தில் கிளம்பும் என்று நிதானமாக, அட்சரம் பிசகாமல் சொல்லி, "சொன்னா சொன்ன நேரம்!" என்று முடித்தது. வண்டி கிளம்பியது. எதிரே குகைக்குள்ளிருந்து ராட்சச உயரத்தில் ஒரு பல்செட் டகடகவென்று நடந்து வந்து இன்ஜினை ஒரே கடியாகக் கடித்தது. பெட்டிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிப் பாலத்திலிருந்து விழுந்தன. டாக்டரம்மா பன்னோடு சிரித்ததில் புரை ஏறிவிட்டது.

"இந்தத் தாத்தா வாய்ஸ்தான் அங்கிள் ஹைலைட்! அவர் 'சொன்னா சொன்ன நேரம்'னு சொன்னாலே ஏதோ ஆகப் போகுதுன்னு அர்த்தம். இங்க நாங்க எல்லாரும் அதைத்தான் சொல்லிக்கிட்டிருக்கோம். ஊரே சொல்லுது. லட்சக்கணக்குல பார்க்கிறாங்க."

அவர் இன்னொரு முறை போடச் சொன்னார். சின்ன டாக்டர் சந்தோஷமாகப் போட்டாள். இப்போது அவர் கூரையையும் பார்க்கவில்லை, ரயிலையும் பார்க்கவில்லை. அந்தப் பல்செட்டை மட்டும் பார்த்தார். மேல் வரிசையில் கோரைப் பல் ஒன்று லேசாக வெளியே தள்ளியிருந்தது. அவர் கையால் செய்து, சரியில்லை என்று ஒதுக்கியது. ஒதுக்கியதெல்லாம் அவர் தொழிலறையில் ஒரு தகர டப்பாவில் கிடக்கும். மகள் அந்த அறைப் பக்கம் எட்டிப் பார்த்து வருஷக்கணக்காகிறது. நெடி ஒத்துக்கொள்ளாது அவளுக்கு. அங்கே வந்து பெருக்கிவிட்டுப் போகிறவள் மனைவி ஒருத்திதான்.

குடையைக் கிளினிக்கிலேயே மறந்துவிட்டு நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தார்.

மனைவி சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஈரத்தோடு நின்றவரைப் பார்த்து, "என்னங்க இது, துண்டை எடுத்துத் துடைங்க" என்றாள்.

"டப்பாவிலிருந்து பல்செட்டை எடுத்துக் கொடுத்தது நீயா?"

கத்தி நின்றது. "தூக்கிப் போடறதுதானேன்னு பொண்ணு கேட்டா. கொடுத்தேன்."

"எதுக்குன்னு தெரிஞ்சா?"

"தெரிஞ்சுதான்."

பொய் சொல்லியிருந்தால்கூட அவருக்கு இவ்வளவு வலித்திருக்காது. முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"எத்தனை நாளா நடக்குது?"

"மழைக்கு முன்னாலேருந்து. நீங்க வேலைக்குப் போனதும் ஏறுவா. முதல்ல எனக்கும் தெரியாது. மேல சத்தம் கேட்டுது, போய்ப் பார்த்தேன். 'அம்மா வா, இந்த வண்டியை நீ தள்ளு'ன்னா."

"தள்ளினியாக்கும்?"

"தள்ளினேன். எனக்குத்தான் என்ன, கை இல்லையா?" மனைவி பீன்ஸை ஒதுக்கி வைத்தாள். "கல்யாணமாகி வந்த நாளா அந்தப் படியில டீயைத் தூக்கிட்டு ஏறியிருக்கேன். ஒரு நாள், 'இப்படி உக்காரு, இந்தச் சுவிட்சைத் தொட்டுப் பாரு'ன்னு சொல்லியிருக்கீங்களா? தட்டை வெச்சுட்டு நின்னா, 'வெளிச்சத்தை மறைக்காதே'ன்னுதான் சொன்னீங்க. அவ கூப்பிட்டா. போனேன். ரெண்டு பேரும் சிரிச்சு சிரிச்சு வயிறே வலிச்சுது. அந்த ரூம்ல நான் சிரிச்சது அப்பத்தான்."

அவர் கூரையை அண்ணாந்து பார்த்தார். தன் வீட்டு மாடியில் வயிறு வலிக்கச் சிரிப்பு நடந்திருக்கிறது, தனக்கு மட்டும் தெரியவில்லை. தன் வீட்டிலேயே தன்னை வெளியாளாக்கிவிட்டார்கள் என்று நினைத்தபோது கண் கரித்தது.

"சரி. என்னை விடு. அண்ணன் விஷயம்? ஊரெல்லாம் அந்த மனுஷனுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு பேசறாங்க. நீதானே வந்து எனக்கே சொன்னே. அப்பவாவது வாயைத் திறந்திருக்கலாமே?"

அவள் முகம் கறுத்தது. "அது தப்புதான். நீங்களே ரெண்டு வாரத்துல போய்க் கூட்டிட்டு வந்துடுவீங்கன்னு நெனச்சோம். நீங்க போகலை. நாளாக நாளாகச் சொல்ல முடியாமப் போயிடுச்சு."

மகள் கதவோரம் வந்து நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

"அம்மாவைத் திட்டாதீங்கப்பா. நான்தான்."

"பாயிண்டெல்லாம் நீதான் மாத்தினியா?"

"ரெண்டு வண்டியும் மோதணும்னா மாத்தித்தானே ஆகணும். முடிஞ்சதும் திருப்பி வெச்சுடுவேன். எல்லாத்தையும் வெச்சுட்டேன்னுதான் நெனச்சேன். ஒண்ணு ரெண்டு விட்டுப்போயிருக்கு."

"டைம்கீப்பர் பெரியப்பா குரலு?"

"ஞாயித்துக்கிழமை படியில போனை வெச்சு எடுத்தேன்."

"அவரைக் கேட்டியா?"

அவள் கதவுத் தாழ்ப்பாளை நிமிண்டினாள்.

"ஊரே அவரைச் சொல்லிச் சிரிக்குதுடி."

"சிரிக்கலைப்பா! பிடிச்சுப் போச்சு அவங்களுக்கு. அவர் மாதிரி ஒருத்தர் எங்களுக்கு இல்லையேன்னு எழுதறாங்க. உங்க ரயிலு இத்தனை வருஷமா ஓடுது, யாரு பார்த்தா? நீங்க ரெண்டு பேர்."

"பார்க்கிறதுக்கா ஓட்டினோம்?"

"பின்ன எதுக்கு? எனக்குச் சின்ன வயசிலேருந்து புரியலை. நானும் உக்காந்து பார்த்தேன். கிளம்பும், சுத்தும், நிக்கும். மறுபடி கிளம்பும். எதுவுமே நடக்காதுப்பா அதுல."

"எதுவும் நடக்கக் கூடாதுன்னுதான்டி ரயில்வேன்னு ஒண்ணை வெச்சு நடத்தறாங்க!" என்று கத்தினார். மனைவிக்கே ஒரு நொடி சிரிப்பு முட்டியது, அடக்கிக்கொண்டாள்.

"தாத்தா தகர ரயிலைக் கண்ணாடி அலமாரியில வெச்சு யாரையும் தொட விடலேன்னு எத்தனை தடவை குறை சொல்லியிருக்கீங்க? அவர் போனப்பறம் எடுத்துச் சாவி கொடுத்தா ஸ்பிரிங் துரு பிடிச்சுப் போயிருந்துது, அதனாலதான் ஓடற ரயிலாக் கட்டினேன்னு சொல்வீங்க. அவர் தொட விடலை. நீங்க தொட விட்டீங்க, மோத விடலை. ஒரு தடவை, நாலு வயசோ அஞ்சு வயசோ, ரெண்டு வண்டியை மோத விட்டேன்னு என்னை ரூமை விட்டே வெளியில அனுப்பினீங்க. அப்புறம் நீங்க இருக்கும்போது டீ கொடுக்க வாசல் வரைக்கும் வந்ததோட சரி, உள்ள வரவே இல்லை. அதுகூட உங்களுக்குத் தெரியலை. தூசி ஒத்துக்கலைன்னு சொன்னேன், நம்பிட்டீங்க."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் அவரை இன்னும் எரிச்சலாக்கியது. நியாயம் இருக்கிறவர்கள் செய்த துரோகத்துக்கு யாரிடம் போய் முறையிடுவது?

"ரயிலை நீ உடைச்சிருக்கலாம்" என்றார். "நான் ஒட்டிக்குவேன். எனக்கு அதுதானே பொழப்பு, உடைஞ்ச வாயை ஒட்டறது. அன்னிக்கு டீத் தட்டோட நின்னியே. நான் அந்த மனுஷனைப் பேசின பேச்சையெல்லாம் கேட்டுட்டு நின்னே. 'அப்பா, அது நான்'னு மூணு வார்த்தை. சொல்லலையே நீ."

மகள் அழ ஆரம்பித்தாள். "அடுத்த வீடியோ முடிச்சதும் சொல்லிடலாம்னு இருந்தேன். அப்புறம் அதுக்கு அடுத்தது. நானும் வரேன்ப்பா, பெரியப்பா கால்ல விழுந்து கேக்கறேன்."

"வேண்டாம். உன்னைப் பார்த்தா அவர் உடனே சரிம்மான்னுடுவார். உன்மேல அவ்வளவு பிரியம். அதை வெச்சு நான் தப்பிக்க வேண்டாம்."

துண்டால் தலையைத் துடைத்துக்கொண்டு, மனைவி நீட்டிய டீயை வாங்காமல் கிளம்பினார்.

டைம்கீப்பர் வீடு இரண்டு தெரு தள்ளி, ஒரு தையல் கடைக்குப் பின்னால். கதவு திறந்தே கிடந்தது. பூட்டிவிட்டுச் சாவியை எங்கே வைத்தோம் என்று திண்டாடுவதற்குப் பூட்டாமலே இருந்துவிடலாம் என்று முடிவு செய்துவிட்டாராம். அவரே பின்னால் சொன்னார். ஆள் இளைத்திருந்தார். சவரம் செய்துகொண்டிருக்கவில்லை. ஒரு ஓரத்தில் மெஸ்ஸிலிருந்து வந்த சாப்பாட்டு டப்பா கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

"வா தம்பி. இன்னிக்கு ஞாயித்துக்கிழமையா?"

"இல்லண்ணே. வியாழன்."

"அதான் பார்த்தேன். வியாழன்தான்னு நெனச்சேன். நீ வந்ததும் சந்தேகமாப் போச்சு."

பல்செட்டுக்காரர் நின்றுகொண்டே சொன்னார். உட்கார்ந்தால் சொல்ல முடியாது என்று பயம். பாயிண்டை மாற்றியது மகள் என்றார். மனைவிக்கும் தெரியும் என்றார். வீடியோ, பல்செட், ஊரே அவர் குரலைக் கேட்டது எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார். "நீங்க ஒரு தடவைகூடத் தப்பா வெக்கலைண்ணே. ஒரு தடவைகூட. தப்பு பூரா எங்க வீட்ல."

டைம்கீப்பர் நிதானமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். குரல் ஊரெல்லாம் போனதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. பல்செட் வண்டியைக் கடித்ததைச் சொன்னபோது லேசாகச் சிரித்தார். "அந்தப் பிள்ளைக்குச் சின்னதிலேருந்தே குறும்பு" என்றார்.

"என்னை நல்லா நாலு வார்த்தை திட்டுங்கண்ணே."

"எதுக்குத் திட்டறது? எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. அந்தப் பாயிண்டெல்லாம் நான் நேராத்தான் வெச்சிருந்தேன், இல்லே?"

"நேராத்தான்."

"எனக்கு நல்லா ஞாபகம் இருந்துச்சு தம்பி." டைம்கீப்பரின் குரல் இப்போதுதான் நடுங்கியது. "குகை வாசல் கம்பி கொஞ்சம் முரண்டு பிடிக்கும். கட்டை விரலால ஒரு தள்ளு தள்ளணும். தள்ளினது விரலுக்கே ஞாபகம் இருந்துச்சு. கிடங்குப் பாயிண்டை வெச்சுட்டு விரலை ஊதிக்கிட்டேன், நசுங்கிடுச்சு. அதுகூட ஞாபகம் இருந்துச்சு. எல்லாத்தையும் படுக்கையில போட்டுப் போட்டுப் பார்த்தேன். எனக்கு மறக்கலை. ஆனா நீ சொல்லிட்டே. நீ விளையாட்டுக்குக்கூட ஒரு வார்த்தை கூட்டிச் சொல்ல மாட்டே. அப்ப என் விரல்தான் பொய் சொல்லுதுன்னு ஆச்சு. உன்னை நம்பறதா, என்னை நம்பறதா? உன்னைத்தான் நம்பினேன்."

பல்செட்டுக்காரர் கட்டிலின் நுனியில் உட்கார்ந்துவிட்டார். மகள் செய்தது, மனைவி மறைத்தது, வழியெல்லாம் நெஞ்சில் சுமந்துகொண்டு வந்த அந்தக் கணக்கெல்லாம் இங்கே வந்ததும் கூசிச் சிறுத்துப் போயிற்று. அவர்கள் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். இந்த மனுஷனிடமிருந்து அவர் மனசையே பிடுங்கிக்கொண்டது தன்னுடைய வாய்தான்.

"என்னை மன்னிச்சிடுங்கண்ணே."

"அட, விடு." டைம்கீப்பர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். அவர் முகத்தில் மெல்ல ஒரு தெளிவு வந்தது. "அப்ப எனக்கு ஒண்ணும் இல்லை. அந்த டாக்டர் சொன்னது நிஜம்தான். இரு, டீ போடறேன். ஸ்டவ்வைப் பத்த வெச்சு எத்தனையோ நாளாச்சு. பயந்துகிட்டு டீயைக்கூட மெஸ்ஸிலேருந்துதான் வாங்கிக் குடிக்கிறேன். கண்றாவி டீ."

உள்ளே பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. தீக்குச்சி கிழிக்கும் சத்தம் கேட்டது. டைம்கீப்பர் உள்ளிருந்தபடியே, "அடுத்த ஞாயிறு அந்தப் பிள்ளையையும் மேல உக்காரச் சொல்லு. மோதற வண்டிக்கும் ஒரு டைம் போட்டுடலாம்" என்றார். பல்செட்டுக்காரர் தலைகுனிந்தபடி, "சரிண்ணே" என்றார். பழைய குரல் திரும்பிவிட்டது என்று அவருக்கு ஆறுதலாக இருந்தது.

இரண்டு டம்ளரில் டீ வந்தது. தூள் தூக்கலாக, சூடாக, வழக்கம்போல நன்றாக இருந்தது. வெளியே மழை விட்டுத் தையல் கடைக்காரர் மிஷின் ஓட்டும் ஓசை கேட்டது. இரண்டு பேரும் மழையைப் பற்றியும் மெஸ் சாப்பாட்டைப் பற்றியும் பேசினார்கள். பாதி டம்ளரில் டைம்கீப்பர் நிறுத்தினார். சமையலறைப் பக்கம் திரும்பினார்.

"ஸ்டவ்வை அணைச்சேனா தம்பி?"

"அணைச்சிருப்பீங்கண்ணே."

"எதுக்கும் ஒரு தடவை பாரேன்."

பல்செட்டுக்காரர் எழுந்து உள்ளே போனார். திருகு அணைந்த பக்கம் இருந்தது. சிலிண்டரும் மூடியிருந்தது. குனிந்து கையாலும் தொட்டுப் பார்த்தார். திரும்பி வந்து, "எல்லாம் அணைச்சுத்தான் இருக்குண்ணே. நான் நல்லாப் பார்த்துட்டேன்" என்றார்.

"பார்த்துட்டியா? சரி."

டைம்கீப்பர் தலையாட்டினார். ஒரு வாய் டீ குடித்தார். பிறகு டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, உள்ளே போய்த் தானே பார்த்துவிட்டு வந்தார்.